இறங்கும் படியும் இல்லாத படியும்

ஏறியவரைப் பாட ஆயிரம் நா உண்டு. இறங்கியவரை ஆராய ஒரு நாவும் முன்வருவதில்லை. விளையாட்டுப் பக்கங்களைப் புரட்டும் எவரும் இதனை உணர்வர். கோப்பை பெற்ற அணியின் படம் அரைப்பக்கத்தை அடைத்து நிற்கும். கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பெற்ற அணிக்கோ ஒரு மூலையில் நான்கு வரி கிடைக்கும்; அந்த நான்கு வரியிலும் ‘மானக்கேடு’ என்னும் சொல் தவறாமல் இடம்பெறும். அவ்வளவோடு கதை முடிந்ததென்று விட்டுவிடுவர். ஒரு கழகத்தின் மெய்யான கதையும் அதன் அபிமானிகளின் மெய்யான கதையும் அங்கேதான் தொடங்குகின்றன என்பது நம் கருத்து. அக்கருத்தைச் சிங்கப்பூர்க் காற்பந்தின் வரலாற்றில் வைத்து உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். உரைகல்லாக, உலகெங்கும் பலர் பார்த்த ஒரு விவரணப் படத்தொடரையும் எடுத்துக்கொள்வோம்.

முதற்கண், கீழிறக்கம் என்பது யாதென்று தெளிவோம். லீக் என்பது ஓர் ஏணி. ஏணியின் ஒவ்வொரு படியிலும் சில கழகங்கள் நிற்கின்றன. பருவத்தின் முடிவில் மேற்படியின் கடைசியில் நிற்கும் இரண்டு மூன்று கழகங்கள் கீழே இறங்க, கீழ்ப்படியில் முந்திய கழகங்கள் மேலே ஏறும். இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டிலிருந்து இவ்விதி தானாகவே இயங்கி வருகிறது. இன்று அந்நாட்டின் முதற்பிரிவில் ஆடும் 20 கழகங்களில் 3 கழகங்கள் ஆண்டுதோறும் இறங்கியே தீரவேண்டும். பழம்பெருமையோ, பெரிய அரங்கமோ, முதலாளியின் செல்வமோ அங்கே இடத்தைக் காப்பாற்றித் தருவதில்லை. பிறப்பினால் உயர்வு என்னும் கொள்கைக்கு இதைவிட நேரான மறுப்பு விளையாட்டுலகில் வேறில்லை எனலாம். ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய ஆனை எழுந்து நடக்கவும் வழியுண்டு.

இறக்கத்தின் துன்பத்தை நாம் குறைத்துக் கூறவில்லை. தோட்ட அலுவலகத்தில் வரவு செலவு எழுதிக் காலங்கழிக்கும் நமக்கு, அதன் கணக்கு எளிதில் விளங்குகிறது. வரவு ஒரே ஆண்டில் வீழ்ந்துவிடும். செலவோ உயர்ந்த பிரிவில் இருந்தபோது எழுதிய ஒப்பந்தங்களின்படி நின்றுகொண்டிருக்கும். இங்கிலாந்தில் இறங்கிய கழகம் உடனே உடைந்துபோகாதிருக்கும் பொருட்டுப் ‘பாராசூட் தொகை’ என்ற ஒன்றை அளிக்கின்றனர். முதற்பிரிவுக் கழகங்கள் சமமாகப் பகிரும் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்குக்கு எவ்வளவோ, அதில் முதலாண்டு நூற்றுக்கு 55, இரண்டாமாண்டு 45, மூன்றாமாண்டு 20 என்பது 2015–16ஆம் பருவத்திற்குப் பின் வந்த வரையறை. இத்தனை இருந்தும் நல்ல ஆட்டக்காரர் விலகுவர், பயிற்றுநர் மாறுவர், ஆடாத மனிதர்களாகிய சீட்டு விற்போர், துப்புரவு செய்வோர், சமையற்கட்டில் உழைப்போர் முதலில் வேலை இழப்பர். மேலே செய்த பிழைக்குக் கீழே உள்ளவன் கூலி கொடுப்பது தோட்டத்திலும் உண்டு, கழகத்திலும் உண்டு.

அபிமானி இழப்பது யாது? அவனுக்குச் சம்பளமில்லை; ஒப்பந்தமுமில்லை. அவனிடம் உள்ளது ‘நாம்’ என்னும் ஒரு சொல்லே. அமெரிக்க உளநூலறிஞர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய கூட்டாளிகளும் 1976இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டனர். தம் கல்லூரி அணி வென்ற பிறகு மாணவர்கள் ‘நாம் வென்றோம்’ என்று தம்மையும் சேர்த்துப் பேசும் வழக்கம், தோற்றபின் குறைந்துபோகிறதென்பது அவர்கள் கண்டது. வெற்றியில் ‘நாம்’, தோல்வியில் ‘அவர்கள்’. தமிழில் இச்சோதனை இன்னும் நுட்பமானது. கேட்பவனையும் உள்ளடக்கும் ‘நாம்’ ஒன்று. கேட்பவனை வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ மற்றொன்று. கோப்பை பெற்ற அன்று ஊரெல்லாம் ‘நாம்’. இறங்கிய அன்று எத்தனை பேர் அச்சொல்லை விடாது பற்றியிருக்கின்றனர் என்பதே ஒரு கழகத்தின் உண்மையான மூலதனம்.

இதனை மிகத் தெளிவாகக் காட்டிய படைப்பு, நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘சண்டர்லண்ட் டில் ஐ டை’ என்னும் தொடராகும். ‘சாகும்வரை சண்டர்லண்ட்’ என்பது அதன் பொருள். இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள அவ்வூர், கப்பல் கட்டியும் நிலக்கரி தோண்டியும் வாழ்ந்தது. கப்பற்பட்டறைகள் 1988இல் மூடப்பட்டன. கடைசிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அச்சுரங்கம் இருந்த இடத்திலேயே 1997இல் காற்பந்தரங்கம் எழுந்தது; இன்று அதில் ஏறத்தாழ 49,000 பேர் அமரலாம். சுரங்கத் தொழிலாளியின் விளக்கு ஒன்றை அதன் வாயிலில் சின்னமாக நிறுத்தியுள்ளனர். தொழில் போன ஊருக்கு எஞ்சிய பொதுச்சொத்து அக்கழகம் ஒன்றே. அது 2017இல் முதற்பிரிவிலிருந்து இறங்கியது. மீண்டெழும் காட்சியைப் படமாக்கலாமென்று கருவியோடு சென்றவர்கள், 2018இல் அது மூன்றாம் பிரிவுக்கும் இறங்கியதைப் படமாக்கித் திரும்பினர்.

தொடரின் சிறப்பு யாதெனில், அது கோல்களைக் காட்டுவதைவிட முகங்களைக் காட்டுவதே. தொடக்கத்தில் ஒரு மாதாகோயிலில் பாதிரியார் கழகத்திற்காக வேண்டுகிறார். வாடகைக் கார் ஓட்டுபவர், சமையற்கட்டு மாது, தலைமுறை தலைமுறையாக ஒரே வரிசை நாற்காலியில் அமரும் குடும்பத்தார் ஆகியோர் திரையில் வந்து பேசுகின்றனர். அவர்களில் எவரும் தம் அணியைப் புகழவில்லை, வைகின்றனர். வைதுகொண்டே மறுவாரமும் சீட்டு வாங்குகின்றனர். அணி மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய பிறகு, 2018–19ஆம் பருவத்தில் அரங்கத்திற்கு வந்தோர் சராசரி, அதற்கு முந்திய இரண்டாம் பிரிவுப் பருவத்தைவிடக் கூடியது. அவ்வாண்டுக் கிறிஸ்மஸ் மறுநாள் நடந்த ஓர் ஆட்டத்திற்கு 46,039 பேர் திரண்டனர். மேலும் இறங்கிய அணிக்கு மேலும் கூட்டம்! வணிகக் கணக்கறிந்தோர் இதற்கு விடை சொல்ல முடியாது. நாம் சொல்லுவோம்: கீழே ஒரு படி இருந்தது; அப்படியிலிருந்து மேலே போக வழியும் இருந்தது; ஆகையால் அபிமானிக்கு அடுத்த சனிக்கிழமை என்பது இருந்தது. அக்கழகம் 2022இல் இரண்டாம் பிரிவுக்கும் 2025இல் முதற்பிரிவுக்கும் ஏறிவிட்டது.

எனினும் அத்தொடரில் குறைகளும் உள. அவற்றைச் சொல்லாது விடுவது விமரிசனமாகாது. முதலாவது, அபிமானிகளின் துயரத்தை அது சற்று அழகாக்கிவிடுகிறது. அழுகின்ற முகத்தில் நெடுநேரம் நிற்கும் கருவி, வேலை இழந்த ஊழியரின் வீட்டு வாசலில் அவ்வளவு நேரம் நிற்கவில்லை. இரண்டாவது, 2020இல் வெளிவந்த அதன் இரண்டாம் பகுதி பெரும்பாலும் புதிய முதலாளிகளின் அறையிலேயே சுற்றுகிறது. பேச்சு வல்ல நிர்வாகிகள் கதாநாயகர்களாகி, அபிமானிகள் பின்னணி இரைச்சலாகிவிடுகின்றனர். மூன்றாவது, இறக்கம் ஏன் நேர்ந்தது என்னும் வினாவை அது ஆழமாகத் தொடவில்லை. பிரிவு இறங்கினால் ஊதியம் குறையும் என்ற விதி எழுதாமல் பெருஞ்சம்பள ஒப்பந்தம் செய்தது போன்ற அறிவின்மைகள் மேலோட்டமாகவே வந்து போகின்றன. ஆயினும் இக்குறைகளையெல்லாம் கடந்து, தோற்றவரின் வரலாறும் எழுதத்தக்கதே என்று நிலைநாட்டிய அளவில் அது போற்றத்தக்க படைப்பு.

நிற்க. சண்டர்லண்டின் கதை நமக்கு எதற்கு என்று தேக்காவில் தேநீர் அருந்தும் அன்பரோ, ஜொகூர்த் தோட்டத்து அன்பரோ கேட்கலாம். நம்மிடமும் அத்தகைய கதை ஒன்று உண்டு என்பதே விடை. அதனைப் பலர் வெற்றிக்கதை என்று தவறாக நினைவில் வைத்துள்ளனர்.

சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் டிர்விட் சாலையில் உள்ளது ஜாலான் புசார் விளையாட்டரங்கம். அது 1929 டிசம்பர் 26ஆம் நாள் திறக்கப்பெற்றது. சிராங்கூன் சாலைக்கு மறுபுறம் ஃபேரர் பார்க் திடல். பழைய குதிரைப் பந்தயத் திடலாகிய அது 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறியபின் பந்தாடுவோர்க்கு உரியதாயிற்று. இவ்விரு திடல்களின் நடுவிலேயே சிங்கப்பூர்த் தமிழரின் காற்பந்துப் பற்று வளர்ந்தது. 1921இல் தொடங்கிய மலாயாக் கோப்பை, பின்பு மலேசியக் கோப்பை எனப் பெயர்பெற்றது. சிங்கப்பூர் அதனை 24 முறை வென்றுள்ளது. 1973இல் காலாங்கில் தேசிய அரங்கம் திறந்தபின் 55,000 பேர் எழுப்பிய பேரொலிக்குக் ‘காலாங் கர்ஜனை’ என்றே பெயர் வந்தது. தனிநாடான பிறகும் சிங்கப்பூரின் தேசிய அணி மலேசிய லீக்கில் ஒரு மாநில அணியைப் போல ஆடிவந்த விந்தையும் இங்கே குறிக்கத்தக்கது. ஆகவே ஒரு கழகத்திற்குரிய உறவோடு ஒரு நாடே அவ்வணியை நேசித்தது.

அவ்வணி 1992இல் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. நாம் நடைபழகிய காலம் அது. மூத்தோர் வாயிலாகவும் பழைய ஏடுகள் வாயிலாகவும் அறிந்ததையே கூறுகின்றோம். இறக்கத்தின் கசப்பை மிகுவித்த செய்தி வேறொன்றும் உண்டு. சிங்கப்பூர் ஈன்ற ஒப்பற்ற ஆட்டக்காரர் ஃபாண்டி அகமது அப்போது பகாங் அணியில் இருந்தார். அதே 1992இல் பகாங் லீக்கையும் மலேசியக் கோப்பையையும் ஒருங்கே வென்றது. தன் வீட்டு விளக்கு அயல்வீட்டில் எரிய, தன் வீடு இருளில் மூழ்கியதைச் சிங்கப்பூர் அபிமானி கண்டான். நாம் முன்பு கூறிய சோதனை அன்று அவனுக்கு வந்தது: ‘நாம்’ என்பதா, ‘அவர்கள்’ என்பதா?

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை நோக்குவோம். 1993இல் சிங்கப்பூர் இரண்டாம் பிரிவில் ஆடியது. அவ்வாண்டில்தான் புருணைக்கு எதிரே வி. சுந்தரமூர்த்தி, அந்தரத்தில் உடலைக் கிடத்திக் கத்தரிபோலக் கால்களை வீசி அடித்த கோல் பிறந்தது. சிங்கப்பூர்க் காற்பந்தில் இன்றளவும் வாயாரப் பேசப்படும் கோல்களில் அது ஒன்று. உயர்ந்த பிரிவில் ஆடிய ஆண்டிலன்று, தாழ்ந்த பிரிவில் ஆடிய ஆண்டில், ஒரு தமிழ் இளைஞரின் காலிலிருந்து அது பிறந்ததென்பதை வாசகர்கள் கவனிப்பாராக. அவ்வாண்டே அணி மலேசியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று, கெடாவிடம் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றது. 1994இல் ஃபாண்டி திரும்பி வந்தார்; டக்ளஸ் மூர் பயிற்றுவித்தார். அணி லீக்கை வென்றது. டிசம்பர் 17ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கில் பகாங்கை 4–0 என வீழ்த்திக் கோப்பையையும் வென்றது. பாலங்கடந்து சென்ற அபிமானிகள் ஆயிரமாயிரம்.

அந்த 1994ஆம் ஆண்டு எல்லாரும் அறிந்தது. அது 1992 இல்லாமல் வந்திராது என்பதை உணர்ந்தோர் சிலரே. கடைசியில் நின்றவனுக்குத் தண்டனை என்ன என்று தெரிந்ததனால், நிர்வாகம் விழித்தது, ஆட்டக்காரர் முனைந்தனர், விலகிப்போன கூட்டமும் தன் அணி எங்கே நிற்கிறதென்று எட்டிப்பார்க்க வந்தது. இறக்கம் அணியைக் கொல்லவில்லை, உலுக்கிற்று. அபிமானியின் அன்பையும் அது சோதித்துத் தேர்ந்தெடுத்தது. 1994இல் ஷா ஆலாமில் முழங்கியவர்களுள், இரண்டாம் பிரிவு ஆட்டங்களுக்கும் வந்திருந்தவன் எவனோ, அவனே அக்கோப்பையில் முழுப்பங்குடையவன்.

இனி வருவது மறுபக்கம். மலேசியச் சங்கத்தோடு நுழைவுச்சீட்டு வருமானப் பங்கீடு பற்றிய பிணக்கு முற்றி, 1995இல் சிங்கப்பூர் அந்த லீக்கிலிருந்து விலகியது. 1996இல் எட்டுக் கழகங்களோடு தன் சொந்த எஸ்-லீக்கைத் தொடங்கியது. 2018இல் அது சிங்கப்பூர்ப் பிரீமியர் லீக் எனப் பெயர் மாறியது. இந்த லீக்கில் தொடக்கமுதல் இன்றுவரை கீழிறக்கம் என்பதே இல்லை. கடைசியில் நின்ற கழகம் மறுபருவமும் அதே இடத்தில் ஆடலாம். அதன் கீழே சங்கம் நடத்தும் பொழுதுபோக்கு நிலை லீக்கில் இரு பிரிவுகள் உண்டு; அங்கே ஏற்றமும் இறக்கமும் உண்டு; ஆனால் அங்கிருந்து மேல்லீக்கிற்கு ஆட்டத்தால் ஏறும் படியில்லை. ஏணி நடுவில் அறுந்து நிற்கிறது.

இறக்கம் இல்லையானால் துன்பமும் இல்லை என்று கருதுவோர் உளர். வரலாறு அவர்களை மறுக்கின்றது. முதலில் சேர்ந்த எட்டுக் கழகங்களையே எடுத்துக்கொள்வோம். செம்பவாங் ரேஞ்சர்ஸ் 2003ஆம் பருவத்தோடு மறைந்தது. தியோங் பாரு தஞ்சோங் பகார் எனப் பெயர்மாறி, 2004இல் ஒதுங்கி, 2011இல் திரும்பி, 2014க்குப் பின் மீண்டும் ஒதுங்கி, 2020இல் மறுபடி சேர்ந்தது. உட்லண்ட்ஸ் வெலிங்டன் 2014ஆம் பருவத்திற்குப் பின் லீக்கில் இல்லை. பின்னால் வந்த கோம்பாக் யுனைட்டெட் 2003முதல் மூன்று ஆண்டு ஒதுங்கி, திரும்பி வந்து, 2012ஆம் பருவத்தோடு நீங்கியது. யாவற்றினும் வியப்பு, ஆயுதப்படைக் கழகமாகத் தொடங்கிப் பின்பு வாரியர்ஸ் எனப் பெயர்பெற்ற கழகத்தின் முடிவு. அது ஒன்பது முறை லீக்கை வென்றது. ஒருமுறையும் எவரும் அதனைக் கீழிறக்கவில்லை. பண நெருக்கடியால் 2020முதல் அது ‘ஒதுங்கியிருக்கிறது’.

‘ஒதுங்கியிருத்தல்’ என்னும் இச்சொல்லை நாம் கண்டிக்கின்றோம். ஆங்கிலத்தில் இதற்கு அலுவல் மொழியில் மென்மையான தொடர் ஒன்றை வழங்குகின்றனர்; கேட்பதற்கு ஒரு நாள் விடுப்பு எடுத்ததுபோல் இருக்கும். தோட்டங்களில் ஆட்குறைப்பு அறிவிப்புகள் எத்தகைய பட்டுத்துணியில் பொதியப்படும் என்பதறிந்த நம் வாசகர்கள் இச்சொல்லின் உள்ளீட்டை அறிவர். கீழிறக்கம் என்பது எண்களால் ஆன தீர்ப்பு: இத்தனை ஆட்டம், இத்தனை புள்ளி, ஆகவே கீழே போ, அங்கே வென்றால் மேலே வா. ஒதுக்கல் என்பது அறையினுள் எடுக்கப்படும் முடிவு. மேல்முறையீடும் இல்லை, திரும்பும் வழியும் எழுதப்படவில்லை. முன்னதில் அபிமானி அழுகின்றான். பின்னதில் அவன் அழுவதற்கும் ஓர் ஆட்டம் இல்லை. உட்லண்ட்ஸ் அபிமானி ஒருவன் அடுத்த பருவத்தில் செய்யத்தக்கது யாது? வேறு பேட்டையின் சட்டையை அணிவதா? அன்பு என்பது வேலைமாற்றக் கடிதம்போல ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அனுப்பக்கூடியதன்று. அவனுடைய ‘நாம்’ சொல்லளவிலும் நில்லாது போயிற்று.

லயன்ஸ் டுவெல்வ் அணியின் கதையும் இதற்குச் சான்று. 2012இல் சிங்கப்பூர் மீண்டும் மலேசிய லீக்கிற்கு அனுப்பிய அணி அது. ஜாலான் புசார் அரங்கிலேயே ஆடியது. தேக்காவின் இரவுகளுக்குப் பழைய முழக்கம் திரும்பிற்று. வி. சுந்தரமூர்த்தி பயிற்றுவிக்க, 2013இல் மலேசிய சூப்பர் லீக்கை வென்றது. 2015இல் மலேசிய எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அதே 2015 நவம்பரில் உடன்படிக்கை நீடிக்கப்படாது என்ற செய்தி வந்தது, அணி கலைந்தது. கோப்பை பெற்ற ஆண்டிலேயே மறைந்த அணி! 1992இல் தோற்று இறங்கிய அணி இரண்டு ஆண்டில் உச்சிக்கு வந்தது. 2015இல் வென்று நின்ற அணி சில நாளில் இல்லாமற் போயிற்று. இவ்விரண்டினையும் அருகருகே வைத்து நோக்கினால் நம் கட்டுரையின் முழுக்கருத்தும் விளங்கும்.

பாலத்திற்கு இப்பால் வாழும் நாமும் பெருமை பேசிக்கொள்ள இடமில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் உருவாக்கிய அணி, கீழ்ப்படியிலிருந்து ஆடி ஆடி ஏறி, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரோடு சூப்பர் லீக்கில் நுழைந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர்க்கு அது ஒரு கனவின் உருவம். அவ்வணி 2022ஆம் பருவத்திற்குப் பின் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. இரண்டாம் பிரிவாகிய பிரீமியர் லீக்கும் 2023முதல் இல்லாமற் போயிற்று. இவ்வாறு, ஏறிவந்த படியையே எடுத்துவிட்டார்கள்.

இனி மறுப்புகளை நேர்மையோடு எதிர்கொள்வோம். சிங்கப்பூர் சிறிய நாடு; பத்துக்கும் குறைவான கழகங்களைக் கொண்ட லீக்கில் யாரை இறக்குவது, யாரை ஏற்றுவது என்பர். இறங்கிய கழகத்தின் மானியம் நின்றால் அது அன்றே மாளும் என்பர். கீழ்நிலைக் கழகங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வலிமை இல்லை என்பர். மூன்றும் உண்மையே. ஆனால் இவை படியில்லாமைக்குக் காரணங்களா, படியில்லாமையால் விளைந்தவையா என்று கேட்கவேண்டும். சிங்கப்பூரின் சில கழகங்கள் நெடுங்காலம் பொதுமானியத்தாலும், கழக மனையில் வைத்த ஜாக்பாட் இயந்திரங்களின் வருமானத்தாலும் வாழ்ந்தன. சூதுப்பொறி தரும் பணத்தால் நடக்கும் கழகத்திற்கு அபிமானி வந்தாலும் ஒன்று, வராவிட்டாலும் ஒன்று. வெற்றியும் தோல்வியும் வரவைத் தொடுவதில்லை. கடைசி இடமும் கவலை தருவதில்லை. அபிமானி தேவையில்லாத கழகம் ஒன்றை அபிமானி நெடுநாள் காத்திருந்து நேசிப்பான் என்று எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது. வெறும் நாற்காலிகளைக் கண்டு, ‘மக்களுக்குப் பற்றில்லை’ என்று மக்கள்மீது பழி சுமத்துவது அதனினும் கொடிது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, மேல்லீக்கிற்கும் கீழ்லீக்கிற்கும் இடையே ஒரு படியாவது அமைக்கவேண்டும். ஆண்டுக்கு ஒரு கழகம் போதும். அதுவும் தகுதியாட்டத்தின் மூலமாகவே இருக்கலாம். இறங்கும் கழகத்திற்கு இரண்டாண்டுக்கேனும் குறையும் அளவில் உதவி அளித்தல் வேண்டும். இங்கிலாந்தின் செல்வக் கழகங்களுக்கே அத்தகைய ஊன்றுகோல் தேவையானால், நம் எளிய கழகங்களுக்குத் தேவையில்லையா? இரண்டாவது, ஒரு கழகத்தை நிறுத்திவைக்கும் முடிவுக்கு முன் அதன் அபிமானிகளைக் கூட்டிக் கணக்கைக் காட்டிக் கருத்துக் கேட்கவேண்டும். சீட்டு வாங்கியவன் பங்குதாரன் அல்லன் என்று சட்டம் கூறலாம். அறம் அவ்வாறு கூறாது. மூன்றாவது, மறைந்த கழகங்களின் வரலாறு எழுதப்படவேண்டும். வாரியர்ஸுக்கும் உட்லண்ட்ஸுக்கும் நெட்பிளிக்ஸ் வரப்போவதில்லை. நம் தமிழ் எழுத்தாளர்கள் வரலாம். ஃபேரர் பார்க்கில் வெறுங்காலோடு ஆடியவர்கள் இன்று முதியவர்களாய் இருக்கின்றனர். அவர்கள் நினைவில் உள்ளவை அச்சேறாவிட்டால் அவர்களோடே போய்விடும்.

இறுதியாக, தோட்டத்து இளைஞர்க்கு ஒரு சொல். நம் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றிலும் ஒரு பந்துத்திடல் இருந்தது. அதற்கோர் அணியும் இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளான இடங்களில் அத்திடல்கள் போயின. அவ்வணிகளை எவரும் தோற்கடிக்கவில்லை. ஆடுவதற்கு இடம் இல்லாமற் செய்தனர், அவ்வளவே. ஆதலால் தோல்விக்கும் ஒழிப்புக்கும் உள்ள வேற்றுமையை உணர நமக்கு நூலறிவு வேண்டியதில்லை. தோற்பதற்கு நாணவேண்டா, தேர்விலாயினும் திடலிலாயினும் கடைசி இடம் என்பது ஓர் இடமே, அங்கிருந்து மேலே பார்க்க முடியும். நாணத்தக்கது, தோற்றவன் திரும்பி வரும் வழியை அடைத்துவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது. கீழிறங்கும் படியுள்ள ஏணியே மேலேறவும் உதவும். அத்தகைய ஏணியைக் கேட்டுப் பெறுவது ஆட்டக்காரரின் வேலை மட்டுமன்று. ‘நாம்’ என்று சொல்லும் ஒவ்வொருவரின் வேலையுமாகும்.